லீடிங் ஷூ, டிரெய்லிங் ஷூ: இறுகுகட்டை, நெகிழ்கட்டை எனலாமா?

வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்சக்கர டிரம் பிரேக்கைச் சீர்செய்வது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். பிரேக், டிரம், லைனிங் மூன்றும் சேலத்துப் பட்டறைகளில் எப்போதோ தமிழாகிவிட்டன. அவற்றைத் தொட வேண்டாம். சிக்கல், சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும், லைனிங் ஒட்டிய இரண்டு வளைகட்டைகளான லீடிங் ஷூ, டிரெய்லிங் ஷூ என்கிற இணையில்தான்.

இவற்றுக்குத் தமிழ்ப் பெயராக இந்தக் குழுவின் முந்தைய மடலில் வந்த 'முன்னணிக் காலணி', 'பின்தொடர் காலணி' இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. காலணி என்றால் செருப்புதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, காரின் முன்பக்கம் இருப்பது முன்னணி என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இது இடத்தைப் பொறுத்ததே அல்ல; டிரம் சுழலும் திசையைப் பொறுத்தது. வீல் சிலிண்டர் (பிரேக்கை மிதித்ததும் திரவ அழுத்தத்தால் ஷூக்களைத் தள்ளும் சிறு உருளை) ஷூவின் நுனியைத் தள்ளும் பக்கமே டிரம்மும் சுழன்றால், உராய்வு அந்த ஷூவை இன்னும் இறுக்கும். எதிர் ஷூவை அதே உராய்வு விலக்கப் பார்க்கும். ஏற்காட்டு ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டால் இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். ஏற்றமோ இறக்கமோ, ஹேண்ட் பிரேக் நிற்க வேண்டும் என்பதால்தான் ஒவ்வொரு பின்சக்கரத்திலும் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வைக்கிறார்கள்.

ஆகவே செய்யும் வேலையை வைத்தே பெயரிடலாம்: இறுகுகட்டை, நெகிழ்கட்டை. 'விலகுகட்டை' என்றால் டிரம்மைத் தொடாதது போலாகிவிடும். பிடி நெகிழ்ந்தது என்றால் பிடி இன்னும் இருக்கிறது என்று பொருள்; அதுதான் சரி. அப்புறம், உராய்வே கட்டையை இறுக்குவதற்கு (செல்ஃப் எனர்ஜைசிங்) 'தன்னாற்றலூட்டல்' வேண்டாம். அங்கே ஆற்றல் எதுவும் புதிதாகப் பிறப்பதில்லை. 'தன்னிறுக்கம்' போதும்.

பட்டறையில் இது எப்படி உதவும் என்று பாருங்கள். டிரம்மைக் கழற்றினால் இறுகுகட்டையின் லைனிங்தான் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் அதன் உறவான ஹெரால்டுக்கும் பின் சிலிண்டரில் ஒரே பிஸ்டன். அது ஒரு கட்டையைத் தள்ள, சிலிண்டரே பேக் பிளேட்டின் (கட்டைகளைத் தாங்கும் பின்தகட்டின்) துளையில் நகர்ந்து மறு கட்டையைத் தள்ள வேண்டும். துளையில் துருவேறிச் சிலிண்டர் சிக்கிக்கொண்டால் ஒரு கட்டைதான் ஒழுங்காக வேலை செய்யும். பிரேக் போதவில்லை என்று பெரிய சிலிண்டர் வாங்குவதற்கு முன் அந்தத் துளையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லப் பூசுங்கள். பெரிய சிலிண்டர் ஆபத்தும்கூட: பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

டிரம்மைக் கடைசல் பிடித்தால் உள்வட்டம் பெரிதாகும். பழைய வளைவிலேயே இருக்கும் லைனிங் நடுவில் மட்டும் தொடும். லைனிங்கை டிரம்மின் வளைவுக்குத் தேய்த்துப் பொருத்துவதை 'வளைவொட்டல்' எனலாம். பின் பிரேக்கைத் தேற்றுவதில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடாகி விரிந்து கட்டைகளை விட்டுத் தள்ளிப்போகும். லைனிங்கின் உராய்வும் குறையும். ஆங்கிலத்தில் 'ஃபேட்' எனப்படும் இதற்கு 'மங்கல்' பொருந்தாது, 'சூட்டுத்தளர்வு' என்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. இரும்பு உள்வளையத்தின் மேல் அலுமினியம் வார்த்த அல்ஃபின் டிரம்மில், வெப்பம் வெளியேற வரிவரியாக நிற்கும் விளிம்புகளுக்கு (ஃபின்) 'செதில்' சரியா, 'வரி' சரியா? லேத் பட்டறைக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.