க்யூஜிஐஎஸ்ல ஒரு மாவட்டத்தோட பக்கத்து மாவட்டம் எல்லாத்தையும் எடுக்கிறது எப்படி?

காவிரிக்கரை:
வணக்கம் நண்பர்களே. நாங்க கொஞ்ச பேர் சேர்ந்து ரத்ததானத்துக்கு ஒரு வெப்சைட் பண்ணிட்டு இருக்கோம். ஒரு மாவட்டத்துல கேக்குற குரூப்ல டோனர் யாரும் சிக்கலன்னா உடனே பக்கத்து மாவட்டங்கள்ல இருக்கிற டோனர் லிஸ்ட்டையும் சேர்த்து காட்டணும், அதுக்கு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எல்லை ஒட்டி எதெல்லாம் இருக்குன்னு ஒரு டேபிள் வேணும். மாவட்டம் மட்டும்னா கையாலயே எழுதிடலாம், ஆனா அடுத்து தாலுகா லெவலுக்கு போற ஐடியா இருக்கு, அது 300-க்கு மேல இருக்கு, கையால பண்ணா கண்டிப்பா எங்கயாச்சும் விட்டுப்போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டு ஒருத்தர் தேடுறப்ப ஒரு பேர் விட்டுப்போனா அது சின்ன விஷயம் இல்ல.

நெட்ல கிடைச்ச ஒரு ஷேப்ஃபைலை (மாவட்ட எல்லை வரைஞ்ச மேப் ஃபைல்) எடுத்து க்யூஜிஐஎஸ்ல (மேப் டேட்டா வேலைக்கான ஃப்ரீ சாஃப்ட்வேர்) ஜாயின் அட்ரிப்யூட்ஸ் பை லொக்கேஷன் போட்டு, அதே லேயரை ரெண்டு பக்கமும் குடுத்து, டச் டிக் பண்ணி ஓட்டுனேன். முக்கால்வாசி சரியா வருது. ஆனா கடலூருக்கு நாகப்பட்டினம் வரல, அரியலூருக்கு தஞ்சாவூர் வரல. மேப்ல பாத்தா ரெண்டும் ஒட்டிக்கிட்டுதான் தெரியுது. ஏன் இப்படி?

மேப்மணி:
முதல்ல ஒண்ணு பாருங்க, உங்க ஃபைல்ல மொத்தம் எத்தனை மாவட்டம் இருக்கு? 32 இருந்தா அது 2011 சென்சஸ் கால எல்லை. 2019-ல கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் அஞ்சும் வந்துச்சு, 2020-ல மயிலாடுதுறை, இப்ப 38. கடலூருக்கு நாகப்பட்டினம் வரலன்னு நீங்க சொல்றதுலயே தெரியுது, இப்ப அந்த இடத்துல வரவேண்டியது மயிலாடுதுறை. பழைய ஃபைலை வச்சு ஓட்டுனா சேலத்துக்கு விழுப்புரம் பக்கத்து மாவட்டம்னு காட்டும், இன்னைக்கு நடுவுல கள்ளக்குறிச்சி இருக்கு. கிருஷ்ணகிரிக்கும் வேலூருக்கும் நடுவுல திருப்பத்தூர் வந்துடுச்சு. சாஃப்ட்வேர் ஒழுங்காதான் கணக்கு போடும், நாம குடுக்குற எல்லை பழசா இருந்தா விடையும் பழசு.

அடுத்து, விட்டுப்போன ரெண்டு ஜோடியையும் கவனிச்சீங்களா, ரெண்டுமே கொள்ளிடம் ஆறு எல்லையா ஓடுற இடம். ஒருத்தர் வடகரையை எல்லையா வச்சு வரைஞ்சிருப்பார், இன்னொருத்தர் தென்கரையை வச்சிருப்பார், ஆத்து மணல் யாருக்கும் சொந்தமில்லாம நடுவுல கேப்பா நிக்குது. மாநிலம் முழுக்க தெரியிற ஜூம்ல பாத்தா ஒட்டின மாதிரிதான் இருக்கும், அந்த எடத்துக்கே ஜூம் பண்ணி பாருங்க, வெள்ளையா ஒரு நீளப் பட்டை தெரியும்.

டச்ன்னா சாஃப்ட்வேருக்கு ரொம்ப கறாரான அர்த்தம். எல்லைக்கோடு தொடணும், உள்பரப்பு ஒரு துளிகூட மேல ஏறக்கூடாது. கேப் இருந்தாலும் இல்லைன்னு சொல்லும், ஒண்ணு மேல ஒண்ணு அரை மீட்டர் ஏறியிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லும். ஏறியிருக்கிறதை பிடிக்க டச்சோட இன்டர்செக்ட்டையும் டிக் பண்ணிக்கலாம், அப்ப ஒவ்வொரு மாவட்டமும் தனக்கே பக்கத்து மாவட்டமா வந்து நிக்கும், அந்த வரியை மட்டும் ஃபில்டர் பண்ணி தூக்கிடுங்க. கேப் மட்டும் இன்டர்செக்ட்டுக்கும் சிக்காது.

கரிசல்காடு:
கேப்புக்கு பஃபர் போடலாமே, ஒவ்வொரு மாவட்டத்தையும் 500 மீட்டர் வீங்க வச்சு இன்டர்செக்ட் பாத்தா வந்துடும்ல?

மேப்மணி:
வரும் நண்பா, ஆனா ரெண்டு சிக்கல். ஃபைல் டபிள்யூஜிஎஸ் 84-ல, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை முறையில இருந்தா அலகு டிகிரி, மீட்டர் இல்ல. 500-ன்னு போட்டா 500 டிகிரின்னு எடுத்துக்கும், ஒரு டிகிரியே ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அதனால முதல்ல ரீப்ராஜெக்ட் பண்ணி, மீட்டர்ல அளக்குற யூடிஎம் 44 வடக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி 32644-க்கு மாத்தணும். கோயம்புத்தூர் பக்கமெல்லாம் முறைப்படி 43-வது ஜோன்தான், இந்த வேலைக்கு அந்த வித்தியாசம் ஒண்ணும் பண்ணாது.

ரெண்டாவதுதான் பெரிய சிக்கல். பஃபர் கேப்பை மூடுறதோட நிக்காம இல்லாத உறவையும் உண்டாக்கிடும். அணைக்கரை பக்கம் பாருங்க, தஞ்சாவூர், அரியலூர், கடலூர் எல்லாம் நெருங்கி வர்ற இடம், அங்க வீங்க வச்சா யார் யாரைத் தொடுறாங்கன்னு நம்ப முடியாது. தாலுகாவுக்கு போனா இது இன்னும் மோசம்.

என் யோசனை, அந்த ஃபைலை விட்டுடுங்க. யார் வேணா திருத்தக்கூடிய ஃப்ரீ மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து எடுங்க, க்யூஜிஐஎஸ்லயே குயிக்ஓஎஸ்எம்னு ப்ளகின் இருக்கு, அட்மின் லெவல் 5 குடுத்தா மாவட்டம், 6 குடுத்தா தாலுகா. அங்க எல்லைக்கோட்டை ரெண்டு தடவை வரையிறதே இல்ல. கடலூருக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவுல ஓடுற கோடு ஒண்ணேதான், அந்த ஒரே கோட்டை ரெண்டு மாவட்ட ரிலேஷனும் (கோடுங்களைச் சேர்த்து ஒரு மாவட்டமா காட்டுற பதிவு) பங்கு போட்டுக்குது. அப்படி வரையிறப்ப கேப்புக்கு இடமே கிடையாது. எனக்கு இந்த அமைப்பு ரொம்ப பிடிக்கும், எல்லைங்கிறது ரெண்டு பேருக்கும் பொதுன்னு டேட்டாவே ஒத்துக்குது.

எடுத்ததும் ஜாயின் கூட வேணாம். க்யூஜிஐஎஸ் 3.16-ல இருந்து ஓவர்லே டச்சஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஃபீல்டு கால்குலேட்டரை திறந்து அதுக்குள்ள லேயர் பேரையும் நேம் ஃபீல்டையும் குடுத்து, வெளிய அர்ரே டு ஸ்ட்ரிங் போட்டு மூடுங்க. ஒவ்வொரு வரியிலயும் பக்கத்து மாவட்டம் எல்லாம் கமா போட்டு வந்து உக்காந்துக்கும்.

காவிரிக்கரை:
மணி அண்ணே, அப்படியே பண்ணேன், 38-ம் வந்துடுச்சு, கொள்ளிடக்கரை ஜோடி எல்லாம் சரியா இருக்கு. இப்ப ஒரு சந்தேகம். நாகப்பட்டினத்துக்கு திருவாரூர் ஒண்ணுதான் வருது. கன்னியாகுமரிக்கு திருநெல்வேலி ஒண்ணுதான். தொடவேண்டியது ஏதாச்சும் இன்னும் விட்டுப்போகுதா?

நாகை_கடலோரம்:
எங்க ஊர் பேர் அடிபடுதே. கணக்கு சரிதாங்க, ஆனா உங்க வேலைக்கு அந்த விடை உதவாது. பழைய நாகப்பட்டினம் மாவட்டம் மேப்புல ரெண்டு துண்டு, நடுவுல காரைக்கால் இருந்துச்சு. வடக்குத் துண்டுதான் இப்ப மயிலாடுதுறை. அதனால ஒரே மாவட்டமா இருந்த நாகையும் மயிலாடுதுறையும் இன்னைக்கு ஒண்ணையொண்ணு தொடவே தொடாது. எங்களுக்கு கிழக்கயும் தெற்கயும் கடல், மேற்க திருவாரூர், வடக்க காரைக்கால். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், நீங்க தமிழ்நாடுன்னு ஃபில்டர் போட்டு எடுத்திருப்பீங்க, அதான் வரல.

நாகூர்ல இருந்து காரைக்கால் எவ்ளோ பக்கம்னு இங்க இருக்கிறவங்களுக்கு தெரியும், ஒரு அவசரம்னா நாங்க மாநிலம் பாத்துட்டு நிக்க மாட்டோம், பைக்கை எடுத்துட்டு போயிடுவோம். அதனால தயவுசெஞ்சு மாநில எல்லையோட வெட்டாதீங்க. சுத்தியிருக்கிற கேரளா, கர்நாடகா, ஆந்திரா, புதுச்சேரி மாவட்டங்களையும் சேர்த்து ஒரே லேயரா எடுத்து ஓட்டுங்க, அப்புறமா வேண்டாததை கழிச்சுக்கலாம். கன்னியாகுமரிக்கு திருவனந்தபுரம் அப்பதான் வரும். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்து ஆளுங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரின்னா அதுவும் ஒண்ணு.

ஜியோடா_ரசிகை:
தாலுகாவுக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணிக்கோங்க, முனையில ஒரே ஒரு புள்ளியில தொடுறதையும் பக்கத்துன்னு எடுப்பீங்களா? அமெரிக்காவுல யூட்டா, கொலராடோ, நியூ மெக்ஸிகோ, அரிசோனா நாலும் ஒரே புள்ளியில சேருது, யூட்டாவும் நியூ மெக்ஸிகோவும் அந்தப் புள்ளியில மட்டும்தான் தொடும். டச்ன்னு கேட்டா அதையும் ஆமான்னு சொல்லிடும். இந்தத் துறையில செஸ் காய் பேரை வச்சே சொல்வாங்க, ராணி முறைன்னா முனையும் சேத்தி, யானை முறைன்னா பக்கக்கோடு மட்டும். ஜியோடான்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதுல வெயிட்ஸ் மேனேஜர்ல ரெண்டுல எது வேணும்னு கேக்கும், எந்தப் பக்கத்து ஏரியாவும் இல்லாம தனியா நிக்கிறது எதுன்னும் எச்சரிக்கும். டேட்டால ஓட்டை இருக்கான்னு பாக்க எனக்கு அதுதான் முதல் வழி.

க்யூஜிஐஎஸ்லயே பண்ணணும்னா விர்ச்சுவல் லேயர் போடுங்க, அதாவது இருக்கிற லேயர்ல இருந்து கேள்வி எழுதி உண்டாக்குற லேயர். ஒரே லேயரை ஏ, பி-ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டு டச் கண்டிஷன் குடுத்துட்டு, கூடவே ரெண்டோட இன்டர்செக்ஷன் நீளத்தையும் ஒரு காலமா கேளுங்க. முதல்ல சொன்ன 32644-க்கு மாத்தின லேயர்னா மீட்டர்ல வரும். நீளம் பூஜ்யம்னா புள்ளி மட்டும் தொடுது, தூக்கிடலாம்.

இன்னொண்ணையும் யோசிங்க. எல்லை ஒட்டியிருந்தா பக்கம்னு அர்த்தம் இல்ல. தேனியும் விருதுநகரும் மேப்புல தொடுது, வருசநாட்டுக்கும் வத்திராயிருப்புக்கும் நடுவுல மலைதான் இருக்கு, ஆண்டிபட்டி, உசிலம்பட்டின்னு மதுரை மாவட்டத்தை சுத்திதான் ஆள் வரணும். வால்பாறை கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள்ளதான் இருக்கு, ஆனா 40 கொண்டை ஊசி வளைவு இறங்குனாதான் பொள்ளாச்சிப் பக்கமே வர முடியும். ரத்தம் குடுக்க வர்றவரு ரோட்டுலதான் வரணும். அதனால எல்லை டேபிளை முதல் சல்லடையா மட்டும் வச்சுக்கிட்டு, அதுல வர்ற பேருங்களை ஓஎஸ்ஆர்எம் மாதிரி ரூட்டிங் சாஃப்ட்வேர்ல குடுத்து, ஆஸ்பத்திரியில இருந்து ரோட்டு வழியா ஆகுற நேரத்தை வச்சு வரிசைப்படுத்துங்க.

காவிரிக்கரை:
இது எங்களுக்கு தோணவே இல்ல அக்கா, கண்டிப்பா பண்றோம். காரைக்கால், திருவனந்தபுரம், பாலக்காடு, சித்தூர்ப் பக்கம் எல்லாம் சேர்த்து இன்னைக்கே திரும்ப எடுக்குறேன். அந்தப் பக்கம் டோனர் லிஸ்ட் எங்ககிட்ட இல்ல, அங்க இருக்கிற குழுக்கள்கிட்ட பேசி பாக்கணும். யாருக்காச்சும் அங்க தெரிஞ்சவங்க இருந்தா இங்கயே சொல்லுங்க.

நாகை_கடலோரம்:
காரைக்கால்ல ரெண்டு மூணு பசங்க இருக்காங்க, கேட்டுட்டு மெசேஜ் அனுப்புறேன்.

மேப்மணி:
சைட் போடுறப்ப மேப்புக்கு கீழ ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்னு கண்டிப்பா போடுங்க, லைசன்ஸ் அதைக் கேக்குது. தாலுகா எல்லை எங்கயாச்சும் தப்பா இருந்தா உங்க ஃபைல்ல மட்டும் திருத்தாம அங்கயே அக்கவுன்ட் போட்டு திருத்துங்க, அடுத்து எடுக்குறவங்களுக்கும் சரியா கிடைக்கும்.