வேலையை விடாமல் ஜிமேட் இரண்டாவது தடவை: எங்கிருந்து தொடங்குவது?

இரவுப்பறவை
போன மாதம் எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு எழுதினேன், 605. குவான்ட் (கணக்கு) 83, வெர்பல் (ஆங்கிலம்) 81, டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) 76. வீட்டில் எழுதிய கடைசி இரண்டு மாக்கும் (மாதிரித் தேர்வு) 635, 645 என்று வந்திருந்தன, அந்தத் தைரியத்தில்தான் போனேன். டேட்டா இன்சைட்ஸைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்துக்கொண்டேன், அதில் நான்கு கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லை. எனக்குக் குறைந்தது 655 வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால் வேலை முடிந்து உட்காரவே இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. ஒரே பத்தியை நாலு தடவை படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. போன தடவை ஆயிரத்துக்கும் மேல் கேள்விகள் போட்டிருப்பேன். இப்போது மறுபடியும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? வேலையை விட்டுவிட்டுப் படிக்கும் நிலையில் நான் இல்லை, அதனால் அந்த யோசனை மட்டும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
முதல் பாடத்துக்கெல்லாம் போகாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். மூன்று பகுதிக்கும் சம மதிப்புதான், ஒவ்வொன்றும் 60இலிருந்து 90 வரை. உங்கள் மூன்றையும் கூட்டினால் 240. 655க்கு ஏறக்குறைய 247 போதும். அதாவது மொத்தமே ஏழு புள்ளி, அதில் நாலைந்தை டேட்டா இன்சைட்ஸ் ஒன்றிலேயே எடுக்கலாம். 83 வாங்கிய குவான்டை 86 ஆக்க மூன்று மாதம் மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

அப்புறம் அந்த நாலு கேள்வி. தப்பாகப் போட்டால் போகும் மதிப்பெண்ணைவிட, போடாமல் விட்டால் போவது அதிகம். 20 கேள்வி, 45 நிமிடம், ஒன்றுக்குச் சராசரி இரண்டேகால் நிமிடம். ஆனால் எங்கோ ஒன்றில் ஆறேழு நிமிடம் உட்கார்ந்திருப்பீர்கள், எனக்குத் தெரிந்து பெரும்பாலும் அது மல்டி சோர்ஸ் ரீசனிங்காகத்தான் (பல இடத்துத் தகவலைச் சேர்த்துப் பார்த்து விடை சொல்லும் கேள்வி) இருக்கும். மூன்று டேப், அதில் மூன்று ஆமாம்-இல்லை, ஒன்று தப்பினாலும் மொத்தமும் பூஜ்ஜியம். மூன்று நிமிடத்தில் பிடிபடவில்லையென்றால் எதையாவது தட்டி, புக்மார்க் செய்துவிட்டு நகருங்கள். எல்லாக் கேள்வியும் முடிந்து நேரம் மிஞ்சினால் திரும்பி வந்து மூன்று விடைகள் வரை மாற்றலாம். இந்த வசதி ஜிமேட்டின் பழைய வடிவத்தில் கிடையாது, இருந்தும் பலர் தொடுவதே இல்லை. பகுதிகளின் வரிசையும் உங்கள் கையில்தான். பலவீனமானதை ஏன் களைத்துப்போன கடைசி 45 நிமிடத்துக்குத் தள்ளுகிறீர்கள்?

மூணாவதுதடவை
பெயரைப் பார்த்தாலே தெரியும், நானும் வேலையோடுதான் எழுதினேன். ஆயிரம் கேள்வி போட்டதாகச் சொல்கிறீர்கள். அதில் தப்பானவை எத்தனை, ஏன் தப்பின என்று எங்காவது எழுதி வைத்தீர்களா? நான் முதல் இரண்டு தடவையும் எழுதவில்லை, செக்குமாடு மாதிரி சுற்றினேன். மூன்றாவது தடவை ஒரு நோட்டு போட்டேன். அதில் ஒரு டேட்டா சஃபிஷியன்ஸி பதிவு அப்படியே (கொடுத்த நிபந்தனைகள் விடை சொல்லப் போதுமா என்று கேட்கும் வகை):

"x பூஜ்ஜியத்தைவிடப் பெரியதா? (1) x² > x. (2) x³ > x. நான் போட்டது: இரண்டாவது மட்டும் போதும். சரியான விடை: இரண்டும் சேர்ந்தாலும் போதாது. காரணம்: x முழு எண் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். −1/2 போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தியிருக்கும்."

காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள், அது ஒரு காரணமே இல்லை. மூன்று வாரம் கழித்துப் புரட்டினால் 'முழு எண் என்று வைத்துக்கொண்டேன்' பதினோரு இடத்தில் இருந்தது. எனக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, இந்த ஒரு பழக்கம்தான் ஆளைக் கவிழ்த்திருக்கிறது.

நேரத்துக்கு வருகிறேன். இரவில் புதிதாக எதையும் படிக்காதீர்கள். காலையில் வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம், செல்போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு. முதல் வாரம் கொடுமையாகத்தான் இருக்கும். இரவில் அந்த நோட்டை மட்டும் இருபது நிமிடம் புரட்டிவிட்டுப் படுங்கள்.

வழிப்போக்கன்
மேலே சொன்னதெல்லாம் சரி, ஒன்றில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். தினம் ஒரு மணி நேரம் டேட்டா சஃபிஷியன்ஸிக்குப் போதும், இரண்டேகால் மணி நேரம் தொடர்ந்து உட்காரும் தெம்பு அதில் வராது. வாரக்கடைசியில் ஒரு நாள் மூன்று பகுதியையும் சேர்த்து எழுதியே ஆக வேண்டும், நடுவில் அந்தப் பத்து நிமிட இடைவேளை ஒன்றோடு, தேர்வு எந்த நேரமோ அதே நேரத்தில்.

ஒரு கேள்வி: அந்த 645 வந்த மாக்கை இடையில் நிறுத்தி நிறுத்தி எழுதினீர்களா? பார்த்த கேள்விகள் திரும்ப வந்தனவா? எனக்கு என்னவோ 605தான் உங்கள் உண்மையான ஸ்கோர், மாக் சும்மா ஏமாற்றியது என்று படுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரவுப்பறவை
கோபமெல்லாம் இல்லை, மாட்டிக்கொண்டேன். நடுவில் அலுவலக அழைப்பு வந்து நிறுத்தியிருக்கிறேன், இரண்டு மாக்கிலும். அதிகாரபூர்வ மாக் ஆறில் நாலு தீர்ந்துவிட்டது, மீதி இரண்டுதான். 16 நாள் இடைவெளி விட்டால் போதும் என்கிறார்களே, அடுத்த மாதமே எழுதிவிடலாமா?

மூணாவதுதடவை
16 நாள் என்பது அவர்கள் அனுமதிப்பது, நீங்கள் தயாராவது வேறு. நான் இரண்டாவது தடவை அப்படித்தான் போனேன், பத்துப் புள்ளிகூட ஏறவில்லை. பன்னிரண்டு மாதத்தில் ஐந்து தடவைதான் எழுத முடியும், அதையும் யோசியுங்கள். எட்டு வாரம் எடுங்கள். மீதி இரண்டு மாக்கில் ஒன்றை ஐந்தாவது வாரம், இன்னொன்றைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளுக்கு விடுப்பை இன்றைக்கே கேட்டு வைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் அந்த வாரம்தான் உலகத்திலுள்ள எல்லா வேலையும் வந்து நிற்கும்.

இரவுப்பறவை
சரி, எட்டு வாரம். நோட்டு வாங்கியாச்சு. பழைய மாக்கில் தப்பானவற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் ஆறு எழுதியதில் நாலுக்குக் காரணம் 'கேள்வியின் கடைசி வரியைப் படிக்கவில்லை'.