24 தோல்விகளுக்குப் பிறகு வைல்டு கார்டு: ஜாங் ஷுவாய்க்குக் கொடுத்தது சரியா?

கோர்ட்டோரம்:
2024-இல் பெய்ஜிங்கில் நடந்த சீன ஓபன் டென்னிஸில் சீன வீராங்கனை ஜாங் ஷுவாய் காலிறுதி வரை போனதை இன்றும் பாராட்டுகிறார்கள். அவருக்கு வைல்டு கார்டு (தரவரிசை போதாதவருக்கு அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அழைப்பு) கொடுத்து நேரடியாகப் பிரதான சுற்றில் சேர்த்ததே தவறு என்கிறேன். அப்போது தரவரிசையில் 595, வயது 35. ஒற்றையரில் தொடர்ந்து 24 ஆட்டங்கள் தோற்றிருந்தார். அந்த இடத்தில் பதினெட்டு வயதுச் சீனப் பெண் ஒருத்தி ஆடியிருக்கலாம்.

தேன்மொழி:
தரவரிசை கடந்த 52 வாரக் கணக்கு மட்டுமே. விம்பிள்டனில் காலிறுதி ஆடியவர், 22-ஆம் இடம் வரை உயர்ந்தவர் என்பதெல்லாம் அந்த 595-இல் தெரியாது. பெய்ஜிங்கில் முதல் ஆட்டத்தைப் பாருங்கள்: கெஸ்லரை 7-6, 7-6 என்று வென்றார். தோற்றுத் தோற்று வந்தவருக்கு, 6-6 ஆனபின் செட்டை முடிக்க ஆடும் டை-பிரேக்கில்தான் கை நடுங்கும். அவர் இரண்டையும் விடவில்லை. அடுத்து நவாரோ, அமெரிக்க ஓபன் அரையிறுதி ஆடிவிட்டு வந்தவர், 6-4, 6-2. நான்கு வெற்றிகளில் ஒரு செட் கூட இழக்கவில்லை. காலிறுதியில் படோசாதான் நிறுத்தினார்.

கோர்ட்டோரம்:
ஜெயித்துவிட்டார் என்பதற்காகக் கொடுத்தது சரியாகிவிடாது. கொடுத்த அன்று கையில் இருந்தது 24 தோல்விகள். அவருடைய பெரிய வெற்றி சலுகையில் வந்ததும் அல்ல. 2016-இல் ஆஸ்திரேலிய ஓபன் ஆட மெல்போர்னுக்கு அவர் போனது 133-ஆம் இடத்தில் இருந்தபடி. அதற்கு முன் 14 கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் முதல் சுற்றோடு வெளியேறியிருந்தார்; ஓய்வு பெறும் யோசனையும் இருந்தது. தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று உள்ளே வந்து, முதல் சுற்றிலேயே முன்னணி வீராங்கனை ஹாலெப்பை 6-4, 6-3 என்று சாய்த்தார். காலிறுதியும் கண்டார். அப்படி வந்தால் நானும் கைதட்டுவேன். பெய்ஜிங்கிலும் தகுதிச்சுற்று இருந்ததே?

பாண்டியன்:
தம்பி, தகுதிச்சுற்றுக்கும் தரவரிசை வேண்டும். 595-இல் இருப்பவருக்கு அந்தக் கதவும் அடைத்துத்தான் இருக்கும். இதே பெய்ஜிங்கில் 2009-இல் 226-ஆம் இடத்தில் இருந்த ஜாங், வைல்டு கார்டில் நுழைந்துதான் உலகின் முதல்நிலை வீராங்கனை சஃபினாவைத் தோற்கடித்தார். அந்த வாய்ப்பு கிடைத்திருக்காவிட்டால் அவர் பெயரை யார் அறிந்திருப்பார்கள்?

கோர்ட்டோரம்:
அண்ணா, நீங்கள் சொன்னது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. அன்று அவருக்கு வயது 20. அந்த வயதில் கொடுத்தார்கள், பலன் கிடைத்தது. 2024-இல் அதே வயதில் நின்ற பெண்ணுக்கு யார் கொடுப்பது? ஜாங்கிடம் ஸ்டோசருடன் சேர்ந்து வென்ற இரண்டு கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டங்கள் இருக்கின்றன, 2019 ஆஸ்திரேலியா, 2021 அமெரிக்கா. வருமானத்துக்குக் குறைவில்லை. கீழே ஆடும் பெண்களின் நிலை வேறு. மிகச் சிறிய போட்டிகளில் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர். அதை அத்தனை பேரும் பங்கிட வேண்டும். பெய்ஜிங்கில் முதல் சுற்றில் தோற்றால் கிடைக்கும் பணம் அவர்களுக்குப் பல மாதப் பயணச் செலவு.

தேன்மொழி:
பணத்தைப் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கமாட்டேன். ஆனால் அந்த 24-க்குள் என்ன இருந்தது என்றும் பாருங்கள். 2023 ஜூலை, புடாபெஸ்ட், களிமண் ஆடுகளம். முதல் செட்டில் 5-5. ஜாங் குறுக்காக அடித்த பந்து கோட்டைத் தொட்டது, வெளியே என்றார்கள். நடுவர் இறங்கி வந்து மண்ணில் பந்து பதிந்த தடத்தைப் பார்த்தும் தீர்ப்பை மாற்றவில்லை. அதை அழிக்காதீர்கள் என்று ஜாங் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிராளி காலால் தேய்த்துவிட்டார். சிறிது நேரத்தில் ஜாங் அழுதபடி ஆட்டத்தைக் கைவிட்டார். இதுவும் கணக்கில் ஒரு தோல்வி.

இன்னொன்று. 2020-இல் கொரோனா, பிறகு இன்னொரு சீன வீராங்கனை பெங் ஷுவாய் முன்னாள் துணைப் பிரதமர் மீது பாலியல் புகார் சொன்ன விவகாரத்தில் பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏ எடுத்த நிறுத்த முடிவு என்று 2023 செப்டம்பர் வரை சீனாவில் டபிள்யூடிஏ போட்டிகளே நடக்கவில்லை. 2022-இல் லியோனில் பட்டம் வென்று நல்ல ஆட்டத்தில் இருந்தபோது சொந்த நாட்டு ரசிகர்கள் முன் ஆட அவருக்கு வழியில்லை. அந்த ஆண்டுகளுக்கு ஈடாக ஒரு இடம் கொடுத்தால் என்ன?

கோர்ட்டோரம்:
இழந்த ஆண்டுகள் இளையவர்களுக்கும்தான், தேன்மொழி. 2020-இல் 16 வயதில் இருந்தவள் சொந்த நாட்டில் டபிள்யூடிஏ போட்டி ஒன்றும் இல்லாமல் 19-க்கு வந்துவிட்டாள். மூத்தவர்களுக்குத் தகுதிச்சுற்றில் வைல்டு கார்டு கொடுக்கட்டும், பிரதான சுற்றின் அழைப்பு இளையவர்களுக்கு இருக்கட்டும்.

பாண்டியன்:
தகுதிச்சுற்றில் ஜாங்குக்குக் கொடுத்தாலும் அங்கே ஓர் இளம்பெண்ணின் வைல்டு கார்டுதானே போகிறது, தம்பி? அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?