டிராக்டரில் எத்தனை அசை?

ஸ்பெல்லிங்கை எழுத்தெழுத்தாகக் கத்திப் பாடமாக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏன் என்று சொல்கிறேன். துணுக்காய்ப் பக்கம் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். தரம் 6 பொடியன் ஒருவன், வீட்டிலேயே உழவு மெசின் நிற்கிறது, ஆனால் 'டிராக்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் முதல் எழுத்துக்கும் 'ஆர்'க்கும் நடுவில் ஒரு 'ஐ' போட்டுவிடுவான். திருத்தித் திருத்தி எழுத வைத்தாலும் மறுநாள் அதே 'ஐ' வந்து நிற்கும்.

"சரி, இதை எத்தனை துண்டாச் சொல்லுவாய்?" என்று கேட்டேன். "டி-ராக்-டர், மூண்டு அக்கா" என்றான். பிள்ளை தன் காதுக்குக் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறான்! தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது, அதனால் நம் நாக்கு தானாக நடுவில் ஓர் உயிரை வைத்துவிடும், பிளாஸ்டிக், கிளாஸ், டிரைவர் எல்லாம் இப்படித்தான். ஆங்கிலத்தில் டிராக்டரும் பிளாஸ்டிக்கும் இரண்டு அசை, அதாவது சொல்லும்போது இரண்டு துண்டு, கிளாஸ் ஒன்றே ஒன்று. உயிரொலி எத்தனையோ அசை அத்தனை, எழுத்தை எண்ணக் கூடாது.

பிறகு நாடிக்குக் கீழே கையை வைத்துச் சொல்ல வைத்தேன். நாடி எத்தனை தரம் இறங்குகிறதோ அத்தனை அசை. 'ட்ராக்' என்று ஒரே இறக்கமாகச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நாள் எடுத்தது, ஆனால் அது வாயில் வந்ததும் தாளில் அந்த 'ஐ' போய்விட்டது. இரண்டு சில்லு உழவு மெசினான லான்ட்மாஸ்டரில் இந்தப் பிரச்சினையே இல்லை, லான்ட்-மாஸ்-டர், எந்த மொழியில் சொன்னாலும் மூன்றுதான். வயலில் அவன் டிராக்டர் என்றே சொல்லட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லுக்கு இந்த வழி சரிவராது. பேசும்போது வென்ஸ்-டே, இரண்டுதான். எழுதுவதற்காக மட்டும் மனதுக்குள் வெட்-நெஸ்-டே என்று மூன்றாக உடைக்கச் சொல்கிறேன்.

எழுதியிருப்பதை அசை பிரித்து வாசிக்கும்போது, நப்கின் மாதிரி நடுவில் இரண்டு மெய் வந்தால் அவற்றுக்கு நடுவால் பிரிக்கலாம், அது லேசு. ஒரு மெய் மட்டும் வரும்போதுதான் சிக்கல். 'டைகர்' முதல் உயிரோடு பிரியும், டை-கர், அதனால் அந்த உயிர் நீளும். 'கெபின்' மெய்யையும் சேர்த்துக்கொண்டு பிரியும், கெப்-இன், உயிர் குறுகும். இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்து, கேட்டுப் பழகிய சொல் எதுவோ அதை எடுங்கள் என்கிறேன், ஆனால் கேள்விப்படாத சொல்லென்றால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் படிப்பிக்கிறவர்கள் இதற்கு என்ன செய்கிறீர்கள்?