கிணற்று ராட்டினத்தில் 'லாபம் 1' என்றால், லாபம் எங்கே?

முதுநகர் மளிகை:

வணக்கம். கடலூர் முதுநகரில் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு. நேற்று ராத்திரி கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எளிய இயந்திரங்கள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "நிலைக் கப்பியின் இயந்திர லாபம் 1" என்று நாலு தடவை சத்தமாகச் சொன்னாள். எனக்கு அங்கேயே இடித்தது. 100 ரூபாய்க்கு வாங்கின பருப்பை 100 ரூபாய்க்கே விற்றால் லாபம் பூஜ்யம். அது எப்படி 1 ஆகும்?

அது போகட்டும். எங்கள் வீட்டுக் கிணற்று ராட்டினமும் நிலைக் கப்பிதானாம். அது உடைந்து பத்து நாளாகிறது. வெறும் கயிற்றைப் போட்டு இழுத்து எனக்குத் தோள்பட்டையே கழன்று விட்டது. ராட்டினத்தில் லாபமே இல்லையென்றால் இந்த வலி எதற்கு? இன்னொன்று. துறைமுகத்தில் படகு இஞ்சினைச் செயின் பிளாக்கில் (கையால் சங்கிலியை இழுத்துப் பளு தூக்கும் கருவி) மாட்டி ஒரே ஒரு பையன் தூக்குகிறான். அதுவும் கப்பி மாதிரிதானே இருக்கிறது? அங்கே மட்டும் லாபம் எங்கிருந்து வந்தது?

மகளிடம் "நாளைக்குச் சொல்கிறேன், படு" என்று சொல்லிவிட்டேன். மோட்டார் போடுங்கள் என்று யாரும் பதில் எழுத வேண்டாம். மோட்டார் இருக்கிறது. கரண்ட் போனால்தான் கிணறு.

லாஸ்பேட்டை டியூஷன்:

மேடம், கடைக்கணக்கில் கழித்துப் பார்ப்பீர்கள், இங்கே வகுத்துப் பார்க்கிறோம். குழப்பம் அந்த 'லாபம்' என்ற சொல்லால் வந்தது. தூக்கும் பளுவை நாம் கொடுக்கும் விசையால் வகுத்தால் வருவதுதான் இயந்திர லாபம். 10 கிலோ வாளியை 10 கிலோ அளவுக்கு இழுத்துத் தூக்கினால் 10-ஐ 10-ஆல் வகுத்து 1. உங்கள் கணக்கில் அது அசல் மட்டும் திரும்பி வந்தது. 1-க்கு மேலே போனால்தான் லாபம்.

1-க்குக் கீழேயும் உண்டு. தூண்டில் கோல் அப்படித்தான். மீனின் எடையைவிட அதிகமான விசையைக் கை கொடுக்க வேண்டும். ஆனால் கை ஒரு சாண் அசைந்தால் கோலின் நுனி ஓர் ஆள் உயரம் எழும்பும். விசையில் நஷ்டம், தூரத்தில் லாபம்.

துறைமுகத்து ஃபிட்டர்:

தங்கச்சி, சார் சொன்னது சரி. ஆனால் தோள்வலிக்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் 26 வருஷமாக விசைப்படகு இஞ்சின் இறக்கி ஏற்றுகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ராட்டினம் எடையைக் குறைக்காது. இழுக்கும் திசையைத்தான் மாற்றும். வெறும் கயிற்றில் நீங்கள் குனிந்து, முதுகாலும் தோளாலும் மேல்நோக்கி இழுக்கிறீர்கள். கயிறு கிணற்று விளிம்பில் உரசினால் இன்னும் மோசம், 10 கிலோ வாளி 15 கிலோவுக்கு மேல் கனக்கும். ராட்டினம் இருந்தால் நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுப்பீர்கள், உங்கள் உடம்பு எடையே பாதி வேலையைச் செய்துவிடும். தோள் தப்பிக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. பதினெட்டு வயதில் பண்ருட்டியில் ஒரு மாடி வேலைக்குப் போயிருந்தேன். மேலே ஒற்றைக் கப்பி, கீழே டிரம்மில் மணல். மேஸ்திரி விளையாட்டாக டிரம்மை விளிம்பு வரை நிரப்பிவிட்டார். நான் அப்போது 46 கிலோ. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் மடக்கித் தொங்கினேன். நான் தொங்கினேன், டிரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். லாபம் 1 என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. உன் எடைக்கு மேல் அந்தக் கப்பி ஒரு கிலோகூடத் தூக்கித் தராது.

இப்போது செயின் பிளாக். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இன்று காலை பட்டறையில் அளந்தே பார்த்தேன். கைச்சங்கிலி ஒரு முழுச் சுற்று 20 அடி. ஒரு கண்ணியில் சிவப்பு பெயிண்ட் தொட்டு வைத்தேன். கொக்கி ஓர் அடி ஏறுவதற்குள் அந்தச் சிவப்புக் கண்ணி என் கையை இரண்டு தடவை தாண்டிப் போனது. ஆக, 40 அடி இழுத்தால் ஓர் அடி. 600 கிலோ இஞ்சினை 40-ஆல் வகுத்தால் 15 கிலோ. தராசை மாட்டிப் பார்த்தால் 20 கிட்டக் காட்டுகிறது. மிச்சம் 5 கிலோ உள்ளேயிருக்கும் பல்சக்கரமும் சங்கிலியும் உரசுவதில் போகிறது.

அந்தப் பையனுக்கு யாரும் இனாமாக எதுவும் கொடுக்கவில்லை. 15 கிலோ பலத்தை 40 அடிக்கு நீட்டிக் கட்டுகிறான். தவணைக்கு டிவி வாங்குகிற மாதிரி, உராய்வுதான் வட்டி. கடைக்காரருக்கு இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பாப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு மாப்புக் கம்பு போதும். இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு கம்பைப் பிடித்து எதிரெதிரே நிற்கட்டும். நைலான் கயிற்றின் ஒரு நுனியை ஒரு கம்பில் கட்டி, இரண்டு கம்பையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, மறு நுனியைப் பாப்பா கையில் கொடுங்கள். பெரியவர்கள் விலகப் பார்க்கட்டும், பாப்பா இழுக்கட்டும். சணல் கயிறு வேண்டாம், ரொம்ப உரசும். நைலானிலும் கொஞ்சம் பவுடர் தடவினால் நல்லது.

முதுநகர் மளிகை:

அண்ணா, செய்துவிட்டோம்! மூட்டை இறக்க வரும் அண்ணன்கள் இரண்டு பேரையும் கம்பு பிடிக்க வைத்தோம். ஆளுக்கு 50 கிலோ அரிசியை அலட்டாமல் தூக்குகிறவர்கள். மகள் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ஒருத்தர் கால் இடறி அப்பள டப்பாவில் இடித்து, ஆறு கட்டு நொறுங்கிப் போச்சு. அது என் கணக்கில்.

மகளே கையால் அளந்தாள். கம்புகள் ஒரு சாண் நெருங்க, கயிறு ஆறு சாண் வெளியே வந்தது. நடுவில் ஆறு இழை போகிறது, அதனால்தான் ஆறு என்று அவளே கண்டுபிடித்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கே அப்போதுதான் தெரியும்.

ஒரு சந்தேகம். செயின் பிளாக்கில் கையை எடுத்தாலும் இஞ்சின் அப்படியே நிற்கிறதே? எங்கள் வாளியை விட்டால் சர்ரென்று கீழே போய்விடும். அப்புறம், கிணற்றுக்கு இரண்டு கப்பி போட்டுப் பாதிப் பளுவாக ஆக்கிக்கொள்ளலாமா?

துறைமுகத்து ஃபிட்டர்:

அப்பளம் போனாலும் பாடம் ஏறிவிட்டது, விடுங்கள்.

செயின் பிளாக்கின் உள்ளே ஒரு பிரேக் இருக்கிறது. பளுவே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கார் ஜாக்கியில் அதுகூட இல்லை, திருகில் இருக்கிற உராய்வுதான் பிடிக்கிறது. ஜாக்கியில் நாம் செய்கிற வேலையில் பாதிக்கு மேல் உராய்வே தின்றுவிடும். அப்படித் தின்பதால்தான் வண்டி தானாக இறங்குவதில்லை. உராய்வு என்றாலே தொல்லை என்று பாடத்தில் எழுதியிருந்தால் பாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கிணற்றுக்கு இரண்டு கப்பி போடலாம். ஒன்று மேலே, ஒன்று வாளிக் கைப்பிடியில். 10 கிலோ 5 ஆகும். ஆனால் 30 அடி ஆழமென்றால் ஒவ்வொரு வாளிக்கும் 60 அடி கயிறு இழுக்க வேண்டும். வெறும் வாளியைக் கீழே இறக்குவதும் மெதுவாகிவிடும். இரண்டு கயிறும் முறுக்கிக்கொண்டால் வாளி பாதியில் நிற்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் இந்த அவஸ்தை தேவையா? பேரிங் வைத்த இரும்பு ராட்டினம் ஒன்று வாங்கி மாட்டுங்கள், மூடின பேரிங்காகப் பார்த்து வாங்குங்கள். திறந்த பேரிங்குக்கு கிரீஸ் வைக்க வேண்டி வரும், அது சொட்டுச் சொட்டாகக் குடிதண்ணீரில் விழும்.