ஃபெயில்ஓவர்: "தோல்விமாற்றம்" வேண்டாம், "பொறுப்பேற்பு" என்போம்

வணக்கம்.

ஒரு தீயரணின் (ஃபயர்வால்) வேலையை அதன் இணையான மற்றது எடுத்துக்கொள்வதே ஃபெயில்ஓவர். அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட "தோல்விமாற்றம்" எனக்கு உடன்பாடில்லை. தோல்வியே இல்லாமலும் இது நடக்கிறது. முதன்மைத் தீயரணில் மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் வேலையை வேண்டுமென்றே மற்றதன்மேல் ஏற்றுகிறோமே, அங்கே எது தோற்றது? "கைமாற்ற"மும் பொருந்தாது. மின்சாரம் போன பெட்டி எதையும் கையளிப்பதில்லை.

ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் இந்த வேலையைச் செய்யும் கார்ப் நெறிமுறை எப்படி இயங்குகிறது? முதன்மை நொடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும்) முகவரிக்கு அறிவிப்பு அனுப்பும். காத்திருக்கும் தீயரண் அதைக் கேட்டபடியே இருக்கும். அதன் தாமத மதிப்பு 100 என்றால் 3 + 100/256, சுமார் 3.4 நொடி எதுவும் காதில் விழாதபோது, இரண்டுக்கும் பொதுவான ஐபியையும் அதற்குரிய மேக் முகவரியையும் தானே எடுத்துக்கொள்ளும். செயல் எடுப்பவருடையது. ஆகவே "பொறுப்பேற்பு". "இரண்டாவது பொறுப்பேற்றது" என்று வினையாகவும் இயல்பாக வருகிறது.

————

> செயல் எடுப்பவருடையது

ஏற்கிறேன் ஐயா. ஆனால் முகவரியை எடுத்ததும் பொறுப்பு முழுமையாகிவிடாது. நடப்பு இணைப்புகளைக் குறித்துவைக்கும் நிலை அட்டவணை, அதைப் பெட்டிகளுக்கிடையே நகலெடுக்கும் பிஎஃப்சிங்க் வழியே முன்னதாகவே வந்து சேர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். (பிஎஃப்சிங்க்கில் சான்றுறுதி கிடையாது. இரண்டுக்கும் நடுவே தனிக் கேபிள் போடுங்கள்.)

உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் நாட் அமைப்பிலும் இதே சிக்கல். வெளிச்செல்லும் நாட் முதன்மையின் சொந்த ஐபியில் இருந்தால், நிலை அட்டவணை வந்திருந்தும் பயனில்லை. திரும்பும் பொதிகள் செத்த பெட்டியைத் தேடிப் போகும். நாட்டை அந்தப் பொதுவான ஐபிக்கு மாற்றியே ஆகவேண்டும்.

எனவே "முகவரியேற்பு", "நிலையேற்பு" என்று பிரித்து, இரண்டும் கூடினால் "பொறுப்பேற்பு" என்போமா? பிழை தேடும்போது எது நடக்கவில்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

————

பிரிப்பு நன்று. அப்படியே ஸ்பிளிட்-பிரெயின் என்பதற்கான "பிளவுமூளை"யையும் கைவிடுவோம். எந்த மூளையும் பிளக்கவில்லை. இரண்டு பெட்டிகளும் தாமே முதன்மை என்கின்றன. "இருதலைமை" போதும்.

காரணம் பெரும்பாலும் நடுவிலுள்ள சுவிட்சுதான்: மல்டிகாஸ்டைக் கேட்பவருக்கு மட்டும் அனுப்ப முயலும் அதன் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதி அறிவிப்பை விழுங்கிவிடும். அல்லது கார்ப் கடவுச்சொல் இரண்டிலும் ஒன்றாக இராது. அல்லது கார்ப் பயன்படுத்தும் ஐபி நெறிமுறை எண் 112ஐ நம் தீயரண் விதியே தடுத்திருக்கும். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காததால் தேவையில்லாத பொறுப்பேற்பு. சொல்லும் காரணத்தோடு ஒட்டிவருகிறது.

————

"இருதலைமை"க்கு என் வாக்கு. ஆனால் அதோடு குழப்பக்கூடாத இன்னொன்று உண்டு. கார்ப்பின் பிரீஎம்ப்ட் அமைப்பு 0 ஆக இருக்கையில் வெளிப்பக்கக் கேபிள் மட்டும் கழன்றால், வெளி முகவரி இரண்டாவதற்குப் போகும், உள் முகவரி முதன்மையிலேயே தங்கும். ஒவ்வொரு முகவரிக்கும் தலைமை ஒன்றுதான், ஆனாலும் போக்குவரத்து நின்றுவிடும். இது "அரைப்பொறுப்பேற்பு". இரண்டு பெட்டிகளிலும் பிரீஎம்ப்டை 1 ஆக்குங்கள். ஓர் இடைமுகம் விழுந்தால் எல்லா முகவரிகளும் சேர்ந்தே நகரும்.