மாணவர் – உற்பத்தியாளர் கூட்டாய்வு நல்கை: ஒப்பந்தம் குறித்து வழிகாட்டல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அலுமினிய வார்ப்புகளில் தோன்றும் நுண்துளைக் குறைபாட்டைப் பற்றி, சிறிய வார்ப்பாலை ஒன்றுடன் சேர்ந்து எங்கள் முதுநிலை மாணவர்கள் ஆய்வு செய்வதற்காக நல்கை விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்துவருகிறோம். உருகிய அலுமினியத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன், உலோகம் உறையும்போது வெளியேறித் துளைகளை உண்டாக்குகிறது என்பது தெரிந்ததே. ஆனால் அதை ஆய்வகத்தில் அளப்பதற்கும் ஓடிக்கொண்டிருக்கும் உலையருகே அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நேரில் கற்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

இரண்டு இடங்களில் தயங்கி நிற்கிறோம். உலை நேரம், மூலப்பொருள், மேற்பார்வையாளரின் உழைப்பு ஆகியவற்றை நிறுவனம் தன் பங்களிப்பாகத் தர முன்வந்துள்ள நிலையில், அவற்றைத் தணிக்கையில் ஏற்கத்தக்க வகையில் எவ்வாறு மதிப்பிட்டு ஆவணப்படுத்துவது?

இதைவிட முக்கியமானது ஆய்வேட்டு வெளியீடு. தன் உலோகக்கலவை விவரங்கள் வெளிவரக்கூடாது என்று நிறுவனம் கேட்பது நியாயமே. எனினும், ஆய்வேட்டைக் காலவரையின்றி நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அதனிடம் கொடுத்தால் மாணவரின் பட்டமே தடைப்படும். வெளியிடுவதற்கு முன் குறிப்பிட்ட நாள்களுக்குள் பார்வையிட்டு, ரகசியப் பகுதிகளை மட்டும் நீக்கக் கோரலாம் என்ற விதியே பொருத்தமானதென்று கருதுகிறேன். காப்புரிமை விண்ணப்பம் இருந்தால் மட்டும் சிறிது கூடுதல் காலம் தரலாம்.

பிரிட்டனின் அறிவுப் பரிமாற்றக் கூட்டாண்மைத் திட்டம், மாணவர்–நிறுவனக் கூட்டாய்வுக்கு நிதியளிக்கும் கனடாவின் மைட்டாக்ஸ் (Mitacs) அமைப்பு போன்றவற்றிலோ வேறு நல்கைகளிலோ அனுபவமுள்ளவர்கள், தாங்கள் பயன்படுத்திய ஒப்பந்த வாசகங்களைப் பெயர்களை நீக்கிப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். இடையில் நிறுவனம் விலகிக்கொண்டால் மாணவரின் உதவித்தொகை தொடர்வதற்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.